யாரும் எடுக்காத முகவரி

மனித குலத்தின் துயரங்களில் சரிபாதியை ஒழித்தவர் பொன்னரசு. இதை அவரே சொல்வார், ஒரு தேநீர் ஆறுவதற்குள் இரண்டு முறை. மீதிப் பாதி வேறு இலாகாவின் பொறுப்பு.

கோவை மடைமாற்றிக் கூடத்துக்கு அவர்தான் தலைவர். வலையில் யார் எந்த முகவரியைத் தட்டினாலும் அது முதலில் மடைமாற்றி இயந்திரத்துக்கு வரும். அந்த முகவரிக்குரிய ஆளோ கடையோ இல்லாமல் போயிருந்தால், இயந்திரம் அந்தக் கணமே முகவரியைத் திருத்தி எழுதி, மிக நெருக்கமான இன்னொன்றுக்குத் திருப்பிவிடும். மூடிப்போன பரோட்டாக் கடையைத் தேடினால், அதே சால்னா கிடைக்கும் வேறு கடை திறக்கும். 'அப்படி எதுவும் இல்லை' என்ற பதிலை அந்தக் காலத்துக் குழந்தைகள் திரையில் பார்த்ததே கிடையாது.

பொது விதி போதாத இடங்களில் ஊழியர்கள் கையால் எழுதிச் சேர்க்கும் கட்டளைக்குக் குறுவிதி என்று பெயர். வேண்டாத குறுவிதிகளை அவ்வப்போது களையெடுப்பது பொன்னரசுவின் பொழுதுபோக்கு. இந்த முறை ரெஜினா எழுதியது சிக்கியது.

"ஏம்மா ரெஜினா, என்னம்மா இது? முகவரிய மாத்தாத, யாருக்கும் அனுப்பாத, மணி மட்டும் அடிச்சுட்டே இருன்னு எழுதியிருக்க. ஊருக்கே நான் ரோடு போட்டு வெச்சிருக்கேன், நீ நடுவுல முட்டுச்சந்து கட்டறியா?"

"எங்கூட்டுக்காரரோட முகவரிங்க சார்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூடமே சிரிப்பை நிறுத்தியது. ரெஜினாவின் கணவர் இறந்தது எல்லோருக்கும் தெரியும்.

"எம்பொண்ணு ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவங்கப்பாவத்தான் கூப்பிடுவாளுங்க. மெசினு அவ சித்தப்பாவுக்கு மாத்தி விட்டுருச்சு. அவருக்கும் அதே கொரலு. புள்ள பேயறஞ்ச மாதிரி ஆயிட்டா. இப்ப மணி அடிக்குதில்லீங்க, அதுகிட்டயே அன்னிக்கு நடந்ததெல்லாஞ் சொல்லிட்டு வெச்சுடறா."

"மணிச் சத்தத்துகிட்டயா?"

"ஆமாங்க."

"அதுக்கு செவுத்துகிட்டயே பேசலாமேம்மா. செவுத்துக்கு செர்வர் வேண்டாம் பாரு. வெள்ளிக்கிழமை அழிச்சுடறேன்."

"அழிச்சா மறுபடி சித்தப்பா எடுப்பாருங்க சார்" என்றாள் ரெஜினா. அதற்கு மேல் கெஞ்ச அவளுக்குத் தெரியவில்லை.

பொன்னரசுவின் வீட்டில் அவருக்கிருந்த ஒரே துணை போண்டா. பழுப்பு நிற நாய். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். அதன் கழுத்துப்பட்டைக்கும் ஒரு முகவரி உண்டு; தட்டினால் வாசல் கேமரா நாயைக் காட்டும். மதியம் சோற்றுப் பெட்டியைத் திறந்ததும் அதைத் தட்டி, "சாப்டியாடா?" என்பார். திரையில் போண்டா காதை ஆட்டும். அப்புறம்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

வயதான நாய். புதன்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பொன்னரசு நேரத்துக்கு வேலைக்கு வந்தார்.

மதியம் பெட்டியைத் திறந்தபோது விரல் பழக்கத்தில் முகவரியைத் தட்டிவிட்டது.

உடனே இணைப்பு கிடைத்தது. பொள்ளாச்சியில் யார் வீட்டு வாசலோ. அதே பழுப்பு, அதே மடிந்த காது. 'தொண்ணூற்றேழு விழுக்காடு பொருத்தம்' என்று கீழே பெருமையாக ஒரு வரி. நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. நல்ல நாய்தான். அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரத்தின்மேலும் இல்லை.

பொன்னரசு திரையை அணைத்தார். சோற்றுப் பெட்டியையும் மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை களையெடுப்பு முடிந்த பிறகு, ரெஜினா பயந்துகொண்டே திரையைப் பார்த்தாள். அவளுடைய குறுவிதி அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே அதே வரிகள் இன்னொரு முறை, அவள் கவனக்குறைவாக விட்ட இடைவெளி உட்பட. முகவரி மட்டும் வேறு.

நிமிர்ந்து கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தாள். பொன்னரசு சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மேசையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சாப்டியாடா?" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார்.