சீவாமல் விட்ட இடம்

சத்தம் மாறியதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். பலகையைத் தொடாமல் கடக்கும்போது ரூட்டர் என்ற குடையும் இயந்திரம் வெறுமனே ஊளையிடும். முனை உள்ளே இறங்கினால் உறுமும். படத்தில் தம்பி நின்ற இடத்தில் அது ஊளையிட வேண்டும். உறுமிக்கொண்டிருந்தது.

வெள்ளை அக்ரிலிக் பலகையில் படத்தைக் குடைந்து, பின்னால் விளக்கு வைத்துக் கொடுப்பது அவள் தொழில். முனை வலமும் இடமுமாகக் கோடு கோடாக ஓடிச் சீவும். மெல்லியதாகச் சீவிய இடம் ஒளிரும்; சீவாத இடம் இருட்டாக நிற்கும். தம்பி தன் புது வீட்டுக்கு அப்படியொன்று கேட்டிருந்தான். அவனும் அம்மாவும் தோளோடு தோள் நிற்கும் படம். கண் தெரியாமல் படுத்துக் கிடந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டி, பீ மூத்திரம் அள்ளியது இவள். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவோ இவள் முகத்தை விரலால் தடவிப் பார்த்து, மகன் இல்லை என்று தெரிந்ததும், "நீ இல்ல" என்று கையை எடுத்துக்கொள்வாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அப்படியானால் கூடவே கிடந்த பிள்ளை என்ன, மண்ணா? கம்ப்யூட்டரில் தம்பியை வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சீவாமல் விடும்படி வைத்திருந்தாள்.

போன் அடித்தது.

"அக்கா, வெளக்கு ரெடியா?"

"சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போ."

"அம்மா மொகம் நல்லா வந்திருக்கா?"

"இருந்தப்ப பாக்காத மொகத்த இப்ப என்னடா விசாரிக்கிற?"

துண்டித்தாள். இயந்திரம் தானே நின்றிருந்தது. பொடியை ஊதினாள். தம்பியின் இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள், யாரோ நகத்தால் பிராண்டியதுபோல. முனை கழன்றிருக்கும் சனியன் என்று திட்டிக்கொண்டே ஷட்டரை இறக்கி, அறையை இருட்டாக்கி, விளக்கைப் போட்டாள்.

அம்மா ஒளிர்ந்தாள். ஆனால் முகம் நேராக இல்லை. தம்பி நின்ற பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை நீண்டு, அந்தக் கீறல்களின் நடுவே விரல்களை விரித்திருந்தது.

"செத்தும் அவனத்தான் தேடுறியா?" தொண்டை கிழியக் கத்தினாள். "அப்ப நான் யாரும்மா?"

விளக்கை அணைத்தாள். கருகிய பிளாஸ்டிக் வாடை மெல்ல அடங்க, அம்மாவின் தைல வாடை எழுந்தது. பழைய போர்வை வாடை. கிட்டத்தில். சுவிட்சைத் தேடிப் போட்டாள்.

பலகையில் தம்பி இல்லை. அம்மாவும் இல்லை.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. நகமெல்லாம் வெள்ளைப் பொடி. நெற்றியைத் தடவின. மூக்கு. உதடு.

"நீ இல்ல."

கை விலகவில்லை.

"உள்ள இருப்பான்."

ஒரு நகம் நெற்றியின் இடது ஓரத்தில் ஊன்றியது. வலப்பக்கமாக ஒரு கோடு. மயிரிழை கீழே இறங்கி, இடப்பக்கமாக ஒரு கோடு. மறுபடி இறங்கியது.