அரைப் பொட்டு

உள்ளே வந்த ஜெயராஜ் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் போட்டான்.

"இதுல கையெழுத்துப் போட்டா போலீஸ் இல்ல. போடலேன்னா திங்கக்கிழமை காலையில உள்ள தள்ளிடுவேன்னு துரை சொல்லிட்டாரு. நான் போடமாட்டேன்."

நாகையா தாளைப் பிரித்தார். 'துரையின் காரை அவருக்குத் தெரியாமல் வாடகைக்கு ஓட்டினேன். வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று டைப் அடித்திருந்தது. தேதி 1934 செப்டம்பர் 15. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

நாகையா செந்தூல் ரயில் பட்டறையில் பதினெட்டு வருடம் பிட்டராக இருந்தவர். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அடிபட்ட மோட்டார் கார்களுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் மதிப்பு எழுதிக் கொடுத்தார். இரும்பு பொய் சொல்லாது என்று அவர் நம்பவில்லை. மனிதர்களைவிடக் குறைவாகச் சொல்லும், அவ்வளவுதான்.

"போடாதே," என்றார். "உட்கார். எந்தக் கார்?"

"ஹார்லண்ட் கூப்பே. பச்சை. ரெண்டு பேரு உட்கார்ற மூடுவண்டி."

ஜன்னலில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த கௌஸ் விசில் அடித்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், முப்பது வயது. நாகையாவிடம் பாதிக் கூலிதான் வாங்குவான். மீதிப் பாதிக்கு வேடிக்கை பார்ப்பான்.

"பேய் மாதிரி ஓடுமே அது! மலாய் நாட்டுக்கே மூணுதான் வந்துச்சு."

"நீ சும்மா இரு. ஜெயராஜ், முதல்லேருந்து சொல்."

ஜெயராஜ் சொன்னான். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஹென்ஸ்லோ துரைக்கு அவன் டிரைவர். போன வருடம் துரை எட்டு மாத லீவில் சீமைக்குப் போனபோது கூப்பே கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. சாவி ஜெயராஜிடம். திரும்பி வந்த துரை குதிரையிலிருந்து விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். கூப்பேயை அவரேதான் ஓட்டுவார், இனி கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கூப்பேயில் ஏறவே இல்லை. இப்போது ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். காரை விற்றுத்தரச் சொல்லி பிரிக்பீல்ட்ஸ் சபாபதியின் பட்டறைக்கு அனுப்பினார்.

"இந்த மாசம் மூணாந்தேதி நான்தான் கொண்டுபோய் விட்டேன். மீட்டர்ல ஒம்பதாயிரத்துச் சொச்சம் மைல். ஆயிரத்தெண்ணூறு வெள்ளி போகும்னு அன்னைக்கு சபாபதியே சொன்னாரு. எட்டு நாள் கழிச்சு துரைக்குக் கடுதாசி போட்டிருக்காரு. என்ஜின் தேஞ்சிருக்கு, கியர் தேஞ்சிருக்கு, நாப்பதாயிரம் மைல் ஓடின வண்டி. டிரைவர் மீட்டர் கம்பியக் கழட்டிட்டு வாடகைக்கு ஓட்டியிருக்கான். நானூத்தம்பதுதான் பெறும், வேணும்னா நானே எடுத்துக்கிறேன்னு."

"நீ ஓட்டினியா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"எண்ணெய் ஊறட்டும்னு வாரம் ஒருக்கா கொட்டகைக்குள்ளயே ஸ்டார்ட் பண்ணுவேன். வெளிய எடுக்கல." அவன் குரல் உயரவில்லை. "உள்ள போனா லைசென்ஸ் போயிரும்ணே. எனக்கு வேற தொழில் தெரியாது. கையெழுத்துப் போட்டாலும் அதே கதைதான். திருட்டு டிரைவருக்கு எவன் சாவி குடுப்பான்?"

நாகையா தாளை மடித்து அவனிடமே கொடுத்தார். "பத்திரமா வச்சிக்கோ. இது வேணும்."

---

மூவரும் பட்டறைக்குப் போனபோது சபாபதி வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைக் கோட்டு, தங்கப் பொத்தான், நெற்றியில் விபூதி.

"நாகையாவா! இன்சூரன்ஸ்காரர் வந்தா வண்டிங்களே நடுங்குமே."

"ஹென்ஸ்லோ துரை வண்டியப் பாக்கணும்."

"தாராளமா. மறைக்க என்ன இருக்கு? பாலா, பானட்டைத் திற!"

பாலன் பட்டறையின் தலைமை மெக்கானிக். ஒல்லியான ஆள். பானட்டைத் திறந்துவிட்டு, விலகிப் போய்க் கடைசல் மிஷினின் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்த மிஷினின் நெற்றியில் பழைய குங்குமம் கறுத்துப் போயிருந்தது. துளைபோடும் மிஷின், காற்றடிக்கும் பம்ப், சுவரில் தொங்கிய பெரிய ஸ்பானர் எல்லாவற்றிலும் அதே கட்டைவிரல் அளவுப் பொட்டு.

நாகையா ஒரு மணி நேரம் பார்த்தார். சபாபதியின் கடிதத்தில் பொய் இல்லை. கியர் பல் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. மிதிகட்டையின் ரப்பர் வழவழப்பாகியிருந்தது. இது நாற்பதாயிரம் ஓடிய வண்டிதான். ஜெயராஜின் முகம் தொங்கிப் போனது.

என்ஜினுக்குப் பின்னால் அலுமினியத் தகட்டுச் சுவர். அதில் நான்கு திருகுகளால் ஒரு பித்தளைப் பலகை. அதில் வண்டியின் நம்பர். ஜெயராஜ் கொண்டுவந்திருந்த வண்டிப் பதிவு அட்டையிலும் அதே நம்பர். நாகையா அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். திருகுகளின் பிளவு புதிதாகப் பளபளத்தது. பலகையின் கீழ் விளிம்பை ஒட்டி, அலுமினியத்தின்மேல், பிறைபோலச் சிவப்பாக ஒரு கறை.

"துருண்ணே," என்றான் கௌஸ்.

நாகையா நிமிர்ந்தார்.

"இந்தப் பலகையக் கழட்டினீங்களா?" என்று சபாபதியைக் கேட்டார்.

"அத ஏன் தொடணும்? கம்பெனி போட்டது."

"இதே மாதிரி வண்டி உங்ககிட்ட இன்னொண்ணு இருந்ததா?"

சபாபதி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இருந்துச்சே. நல்லா ஓட்டித் தீத்த வண்டி. சிங்கப்பூர்ல ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன். கணக்கெல்லாம் சுத்தம்."

---

"அவ்வளவுதான், முடிஞ்சது!" காரை எடுத்ததும் கௌஸ் ஸ்டியரிங்கில் தட்டினான். "ரெண்டு வண்டியையும் மாத்திட்டான்! மூணுல ஒண்ணு ஈப்போல ஈயக்குட்டைக்குள்ள விழுந்துச்சு. ஒண்ணு துரையோடது. மூணாவது கிள்ளான் சீனத் தவுக்கே முதலாளி மகனோடது. ரப்பர் விலை விழுந்தப்போ சபாபதிக்கு வித்தான். அப்புறம் அதே கூப்பே கிள்ளான் ரோட்டுல வாடகைக்கு ஓடிச்சு, நானே பாத்திருக்கேன்!"

"வாயால சொன்னா துரை கேப்பாரா?"

"ஏண்ணே, எதுக்கு இவ்வளவு பாடு? நாலு வண்டி வித்தா அந்தக் காசு வராதா?"

"நீதான் கார் ஓட்டுறவன். நீயே சொல். நாப்பதாயிரம் ஓடின நாலு சீட்டு வண்டி என்ன விலை?"

"எழுநூறு போகும். சீட்டு இருக்கில்ல? ஆள் ஏத்திச் சம்பாதிக்கலாம்."

"நாப்பதாயிரம் ஓடின கூப்பே?"

கௌஸ் யோசித்தான். "எவன் வாங்குவான்? குடும்பம் ஏறாது. பெட்ரோல் குடிக்கும். வாங்குறவன் பணக்காரன், அவன் பழசைத் தொடமாட்டான்."

"ஆனா ஒரே துரை வச்சிருந்தது, ஒம்பதாயிரம்தான் ஓடினது, கொட்டகையில நின்னதுன்னா?"

"வரிசையில நிப்பாங்க! புதுசு இனிமே வராதே."

"மத்த வண்டிக்கு சீட்டுக்கு விலை. கூப்பேக்கு அது இருந்த இருப்புக்கு விலை. அந்த இருப்ப ஒரு பித்தளைப் பலகையும் ஒரு மீட்டரும்தான் சொல்லுது. எட்டுத் திருகு. நானூத்தம்பதுக்கு இந்த வண்டிய எடுத்துட்டா, பலகையும் மீட்டரும் சிங்கப்பூர் போற நல்ல வண்டிக்கே திரும்பிடும். ஆயிரத்து முந்நூத்தைம்பது வெள்ளி வித்தியாசம்."

பின்னால் இருந்த ஜெயராஜ் பல்லைக் கடித்தான். "அதுக்கு என் பேரா கெடச்சுது?"

"வண்டி தேஞ்சதுக்கு ஒரு காரணம் வேணும். நீதான் கையில கெடச்ச." நாகையா மழுப்பவில்லை. "கௌஸ், அந்தச் சிவப்பு துரு இல்ல. அலுமினியமும் பித்தளையும் சிவப்பாத் துருப் பிடிக்காது. அது குங்குமம்."

கௌஸ் பிரேக்கை அழுத்திவிட்டான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் திட்டினான்.

"ஜெயராஜ் வேதக்காரன்! ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயிலுக்குப் போறவன். அவன் ஏன் பொட்டு வைக்கிறான்? மாட்டிக்கிட்டான் சபாபதி!"

"இல்ல. பட்டறைக்கு வந்ததும் நாங்க வச்சோம்னு சொல்வான். அது பத்தாது." நாகையா கண்ணாடியைத் துடைத்தார். "பொட்டோட மேல் பாதி இல்ல. கத்தியால வெட்டின மாதிரி பலகை விளிம்புல நிக்குது. கட்டைவிரல் அப்படி நிக்காது. மீதி எங்கேன்னு பாக்கணும். சிங்கப்பூர் போற வண்டி எங்க ஏறும்?"

"போர்ட் ஸ்வெட்டன்ஹாம். கப்பல் செவ்வாய்க்கிழமை."

"காரை அந்தப் பக்கம் திருப்பு."

---

திங்கள் காலை எட்டு மணிக்கு ஹென்ஸ்லோ துரை தடி ஊன்றிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். கூலிகளை வேலை வாங்கக் கற்ற தமிழ். அதில் வா, போ, எடு, நிறுத்து மட்டுமே இருந்தன.

"ஜெயராஜ். கையெழுத்துப் போடு."

"போடமாட்டேன் தொரை."

துரைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும் ஒரு மாத்தாப் போலீஸ்காரனும் நின்றார்கள். காக்கி உடுப்பைக் கண்டதும் பாலன் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஐயாவுக்கு ஒரு நிமிஷம்," என்று நாகையா கூப்பேயின் பானட்டைத் திறந்தார். "சபாபதி, இந்தச் சிவப்பு என்ன?"

சபாபதி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் கண் பாலன் பக்கம் போய்த் திரும்பியது. "குங்குமம். டிரைவர் வச்சிருப்பான்."

"நான் வேதக்காரன்," என்றான் ஜெயராஜ்.

"அப்ப நம்ம பயலுங்க வச்சிருப்பாங்க. ஆயுத பூஜைக்கு மிஷினு, வண்டி எல்லாத்துக்கும் வைக்கிறதுதானே? சுத்திப் பாருங்க."

"எந்த ஆயுத பூஜை?"

"போன..." சபாபதி நிறுத்தினார்.

"போன வருஷம் செப்டம்பர் கடைசியில," நாகையா முடித்தார். "இந்த வருஷத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. துரை வண்டி இங்க வந்தது இந்த மாசம் மூணாந்தேதி. போன வருஷப் பூஜையப்போ அது தோட்டத்துக் கொட்டகையில இருந்தது. அப்ப உங்க பட்டறையில நின்னு பொட்டு வாங்கினது எந்த வண்டி?"

சபாபதி சிரித்தார். சிரிப்பு நன்றாகவே வந்தது. "வாய் தவறிச்சு. வண்டி வந்த அன்னைக்கு வச்சது. வாசல்ல நுழையற எல்லா வண்டிக்கும் வைப்போம்."

"பாதிப் பொட்டா?"

"முழுசாத்தான் வச்சோம். அப்புறம் பித்தளையத் துடைச்சோம், மேல் பாதி போச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா, நாகையா?"

"நல்ல பதில்," என்றார் நாகையா. "அதுக்காகத்தான் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன்."

அவர் கௌஸைப் பார்த்தார். இந்தத் தருணத்துக்காகவே சனிக்கிழமையிலிருந்து பொறுத்துக்கொண்டிருந்த கௌஸ், ஒரு கைக்குட்டையைப் பிரித்து எதையோ எடுத்தான். ஒரு பித்தளைப் பலகை. கூப்பேயில் பதித்திருந்ததைப் போன்றதே. நம்பர் மட்டும் வேறு.

"சபாபதி சிங்கப்பூருக்கு அனுப்பின கூப்பேல இருந்தது," என்றார் நாகையா. "போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கிடங்குல நேத்து இன்ஸ்பெக்டர் கண் முன்னால கழட்டினோம். ஓட்டித் தீர்த்த வண்டின்னு காகிதம் சொல்லுது. ஆனா கியர் பல் புதுசு. மிதிகட்டை ரப்பர்ல வரி அழியல."

திருகாணி முடுக்கியால் நான்கு திருகுகளையும் கழற்றி, துரையின் நம்பர் போட்ட பலகையை எடுத்தார். அந்த இடத்தில் கிடங்கிலிருந்து வந்த பலகையைப் பொருத்தினார். அதன் கீழ் விளிம்பில் ஒரு சிவப்புப் பாதி இருந்தது. அலுமினியத்தில் இன்னொரு பாதி. இரண்டும் சேர்ந்து ஒரு முழு வட்டமாயின. கட்டைவிரலின் ரேகைகூட ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு முறியாமல் ஓடியது.

துரை குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொட்டு வைக்கும்போது இந்தப் பலகைதான் இந்த வண்டியில இருந்தது. அப்படின்னா இது சபாபதி வண்டி. தேஞ்சது சபாபதி ஓட்டினதால. துரை வண்டி கிடங்குல இருக்கு. ஒம்பதாயிரம்தான் ஓடியிருக்கு. ஜெயராஜ் சொன்னபடி."

சபாபதி பாலனைப் பார்த்தார். விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. "துடைக்கச் சொன்னேனேடா! ரெண்டு தடவ சொன்னேன்!"

தாம் என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாத்தா அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன் துடைக்கல, பாலன்?" என்று நாகையா கேட்டார்.

பாலன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். "திருகக் கழட்டச் சொன்னாரு, கழட்டினேன். மீட்டர மாத்தச் சொன்னாரு, மாத்தினேன். குங்குமத்த அழிக்க மட்டும் கை வரலண்ணே. சாமிக்கு வச்சது."

"ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்பக் கை வந்திச்சா?" என்றான் ஜெயராஜ்.

இன்ஸ்பெக்டர் சபாபதியையும் பாலனையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

"நாகையா," என்றார் துரை. "இப்ப என் வண்டி என்ன விலை? சொல்."

"ஆயிரத்தெண்ணூறு இருந்தது. இனிமே கேஸ்ல வந்த வண்டி. நூறு குறையும்."

துரை தலையசைத்தார். அது அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. தடியைத் திருப்பி வாசலைக் காட்டினார்.

"ஜெயராஜ். கிடங்குக்குப் போ. வண்டி எடு."

ஜெயராஜ் அசையவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, துரையின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"முதல்ல இதைக் கிழிங்க தொரை."

தோட்டத்து டிரைவர் எவனும் துரையிடம் அப்படிப் பேசியதில்லை. துரையின் கழுத்து சிவந்தது. நாகையா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். இனிமேல் பார்ப்பதற்குக் கண்ணாடி தேவையில்லை.

துரை தாளை வாங்கினார். இரண்டாகக் கிழித்தார். ஜெயராஜின் கை நீட்டியபடியே இருந்தது. நாலாகக் கிழித்து அந்தக் கையில் வைத்தார்.

ஜெயராஜ் துண்டுகளை எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, சாவிக்காகக் கையை மறுபடி நீட்டினான்.