இலைகள் சாயும் பக்கம்

விளக்கு தொட்டிக்கு நேர் மேலே இருந்தது. செடிகள் மட்டும் வலது பக்கம் சாய்ந்திருந்தன.

லிஃப்ட் மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தான். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. வெளிச்சம் எங்கேயோ, செடி அங்கே தலையைத் திருப்பும். இந்த இரண்டடிக் கண்ணாடி மீன் தொட்டியிலோ, நாடா மாதிரி நீண்ட இலை, பொட்டு மாதிரி வட்ட இலை என்று அத்தனையும், மேலே இருந்த விளக்கைச் சட்டை செய்யாமல், ஹால் மூலையில் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

அது ஐந்து வயது மகள் தூங்கும் அறை. தடித்த திரை போட்ட, வெயில் எட்டிப் பார்க்காத அறை.

ஒரு வாரமாக அவள் அங்கே சரியாகத் தூங்குவதில்லை. "அந்த ரூம் வேணாம்ப்பா" என்பாள். ஏன் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, தனியாகப் படுத்துப் பழகட்டும் என்று சொல்லிவிட்டார்.

விளக்குதான் மட்டம் என்று முடிவு கட்டிக்கொண்டு மெக்கானிக் மீன் கடைக்குப் போனான்.

"சார், நீங்க வாங்கினது அலங்கார லைட்டு" என்றார் கடைக்காரர், வலையில் துள்ளிய மீனைப் பையில் போட்டபடி. "மீனு சினிமா நடிகை மாதிரி ஜொலிக்கும். செடிக்கு வயிறு நிறையாது."

"அப்போ இந்தப் பெரிய லைட்டு?" விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தவன் நெஞ்சில் கை வைத்தான். "ஏங்க, இதுல தொட்டியே ரெண்டு வாங்கலாமே!"

"யாரு இதை வாங்கச் சொன்னா? வெளிச் சுவத்துல மாட்டுற எல்இடி ஃபிளட் லைட் இருக்குல்ல, முப்பது வாட்ஸ்? அது போதும். அட்டையில ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்னு போட்டிருக்கான்னு பாருங்க, பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும். டைமர் மாட்டி எட்டு மணி நேரம் விடுங்க. அதுக்கு மேல எரிஞ்சா பாசிதான் வளரும். வெளிச்சம் நல்லா கிடைச்சுதுன்னா இலையில முத்து முத்தா குமிழி கட்டும். அப்போ செடி குஷியா இருக்குன்னு அர்த்தம்."

"ஒரே பக்கமா சாயுதே?"

"அந்தப் பக்கம் இதைவிட வெளிச்சம் இருக்கும் சார். செடிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அன்றே ஃபிளட் லைட் ஏறியது. மருத்துவமனையில் இரவு டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் மனைவி வாசலில் கண்ணைச் சுருக்கினாள்.

"மீன் தொட்டியா, விளையாட்டு மைதானமா? இதுக்கு முன்னாடியே உக்காந்துகிட்டு பாப்பாவைக் கோட்டை விட்டுடாதீங்க."

"அவளுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனாடி?"

விளக்கை உயர்த்தினான். தாழ்த்தினான். தொட்டியைச் சுவர் ஓரமாகத் திருப்பிக்கூட வைத்துப் பார்த்தான். மூன்று நாள் ஆகியும் குமிழி இல்லை. எப்படித் திருப்பினாலும் மறுநாள் இலைகள் அந்தக் கதவுக்கே திரும்பியிருந்தன. வேலை நேரத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு அதே நினைப்பு. பழுது பிடிபடாவிட்டால் அவன் செய்வது ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவான். கடைசியில் எது மிஞ்சுகிறதோ, அதுதான் பழுது.

நான்காம் நாள் இரவு எட்டு மணிக்கு டைமர் டக்கென்று விளக்கை வெட்டியது. ஹால் விளக்கை அணைத்தான். சமையலறை விளக்கை அணைத்தான். இன்டர்நெட் பெட்டியின் பச்சைப் புள்ளிமேல் துண்டைப் போட்டான். தொட்டியின் ஃபில்டரையும் நிறுத்தினான். இத்தனை நாள் வீட்டோடு வீடாகக் கலந்திருந்த அந்த ரீங்காரம் அடங்கியதும், ஈர மண்ணும் பாசியும் கலந்த வாடை திடீரென்று மூக்கருகே வந்து நின்றது. ஜன்னல் திரையின் இடுக்கில் தெருவிளக்கு தொட்டிமேல் ஒரு சாம்பல் கோடு மட்டும் போட்டிருந்தது.

ஒரு சத்தம். சோடா பாட்டிலைத் திறந்து வைத்த மாதிரி, மெல்லிய புஸ்ஸ்.

குனிந்து பார்த்தான். இலைக்கு இலை குமிழி. முத்து முத்தாகக் கட்டி, கழன்று, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கும்மிருட்டில்.

ஒரே ஓட்டமாக அறைக்குள் போய், இருட்டில் துழாவி, மகளைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கதவைக் காலாலேயே இழுத்துச் சாத்தினான். தொட்டிக்கு முன்னால் நின்றான். இலைகள் அவள் பக்கம் திரும்பினவா?

இல்லை. இன்னும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னான். பாப்பா இல்லை. அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அப்படியென்றால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது.

இலைகள் அசைந்தன.

ஃபில்டர் ஓடவில்லை. தண்ணீரில் சலனமில்லை. ஆனாலும் நுனிகள் மெல்ல, மிக மெல்ல, கதவை விட்டு நகர்ந்தன. நாற்காலிப் பக்கம். சோபாப் பக்கம். புஸ்ஸ் சத்தம் கூடியது.

கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை.

இப்போது இலைகள் எல்லாம் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவனைப் பார்த்து. இல்லை, அவனுக்குப் பின்னால் பார்த்து. தொட்டி முழுக்கக் குமிழி. உலை கொதிப்பதுபோல.

திரும்பத் தைரியம் இல்லை.

தோளில் கிடந்த மகள் நெளிந்தாள். அவள் முகம் அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

"அப்பா..."

"என்னடா கண்ணா?"

"அதைத் தள்ளிப் போகச் சொல்லுப்பா."

"எதை?"

"கண்ணு கூசுது."

கழுத்தை மட்டும் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். உச்சி வெயிலில் நிற்பவளைப்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, சின்னக் கையை நெற்றியில் குடையாகப் பிடித்திருந்தாள். அந்த இருட்டில் அவள் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன.

தொட்டியில் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு நிமிர்ந்தன. நிமிர்ந்து, அவர்கள் இருவரின் தலைக்கும் மேலே பார்த்தன.