செம்பு வாஷர்

முன் சக்கரங்கள் இரண்டையும் நேராக வைத்துவிட்டுத்தான் மொகெதே ஷெட்டைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டும் இடப்பக்கம் கடைசிவரை திரும்பி, வீட்டின் பின்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சாவி அவர் ஓவரால் பையில்தான் இருந்தது. வேறு சாவி கிடையாது. இருந்தாலும் எவனோ உள்ளே வந்து தொட்டிருக்கிறான் என்றே நினைத்தார். அவர் எப்போதும் முதலில் மனிதர்களைத்தான் சந்தேகப்படுவார். தகரச் சுவரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். ஆணி ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மதியம் தாண்டி இரண்டரை. நாலு மணிக்கு மகன் லேஃபாவின் சவப்பெட்டி வீட்டுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம், கட்லெஹாங்கில் வெயிலில் சூடு இருக்காது. தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். மூன்று கால் சட்டிகளில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. முட்டைக்கோஸ் நறுக்கும் பெண்கள் பாட்டை ஆரம்பிப்பதும், சுருதி சேராமல் சிரித்து நிறுத்துவதும், மறுபடி ஆரம்பிப்பதுமாக இருந்தார்கள். அந்தச் சத்தமும் நிலக்கரிப் புகையும் தகரத்தின் இடுக்கு வழியே உள்ளே வந்தன.

கார் இரும்பு ஸ்டாண்டுகள் மேல் மூக்கைத் தூக்கி நின்றது. ஊரே குஷேஷே என்று கூப்பிடும் பெட்டி மாதிரியான பழைய கார். லேஃபாவைவிட நாலு வயது மூத்தது. புகை கக்கி வட்டமடிக்கும் இந்தக் காரிலிருந்து கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாயை நடத்திக்கொண்டு போகிறவன் போலக் கூடவே நடப்பான் அவன். சனிக்கிழமைகளில் அதைப் பார்க்க ஆயிரம் பேர் கூடுவார்கள். பதின்மூன்று நாளைக்கு முன்பு அப்படி நடக்கும்போது ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. கார் வட்டத்தை விட்டு விலகி, பழைய டயர்களை அடுக்கிய சுவரோடு வைத்து அவனை அழுத்தியது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

கை நழுவிவிட்டது என்று ஊர் சொன்னது. மொகெதேவும் ஆமாம் என்றார்.

நாளைக் காலை கல்லறை வாசலில் இந்தக் காரை ஓட்டி, புகை கக்க வட்டமாகச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனை அவன் கார் சத்தமில்லாமல் புதைத்தால் யாரோ அநாதையைப் புதைத்த மாதிரி ஆகிவிடும். சுற்றப்போவது லேஃபாவின் கூட்டாளி செச்சாபா. காலையில் அவன் வந்து காருக்கு அடியில் குனிந்தான்.

"ஸ்டியரிங் ரேக் ஒழுகுதுப்பா. நானே பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"நீ போன தடவை என் கதவுக் கீலைப் பாத்தே. இன்னிக்கு வரைக்கும் கதவு அழுவுது. போயி முட்டைக்கோஸ் நறுக்கு."

"சாவு வீட்டுலயும் உங்க வாய் மட்டும் சாகலப்பா."

சிரித்துக்கொண்டே போனான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் மொகெதே அப்பாதான்.

அவனைப் பிரிக்க விடாததற்குக் காரணம் ஒன்றுதான். பிரித்தால் வாஷரைப் பார்த்துவிடுவான்.

ஸ்டியரிங்கைச் சுற்றினால் சக்கரங்களைத் திருப்புவது ரேக்தான், அதில் ஆயில் குழாய் சேரும் இடத்தில் ஒரு போல்ட். அதன் தலைக்குக் கீழே ஒன்று, குழாய்க்குக் கீழே ஒன்று என்று இரண்டு செம்பு வாஷர். போல்ட்டை முறுக்கும்போது அவை நசுங்கி ஆயில் கசியும் இடுக்கை அடைக்கும். ஒரு முறைதான் நசுங்கும். சக்கரத்தைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்கும்போது ஆயில் முழு வேகத்தில் அங்கேதான் மோதும். ஆயில் பீறிட்டுப் போய்விட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லேஃபா புது வாஷர் இரண்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரன் ஏமாற்றுகிறான், செம்பு செம்புதானே. பழையதை மண்ணெண்ணெய் அடுப்பில் பழுக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு, தேய்த்து மாட்டிவிட்டார். முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். வேலை முடிகிற நேரத்தில் காருக்கு வெளியே நின்று அவன் கேட்டான்.

"அப்பா, புதுசுதானே போட்டீங்க?"

"பின்ன என்னடா?" என்றார் அடியிலிருந்து.

புதியவை ஓவரால் பையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. இன்றும் அங்கேயே கிடந்தன.

ஷெட்டை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மல்லாந்து அட்டையில் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். ஆயிலை முன்பே முழுக்க வடித்து மூலையில் தட்டில் வைத்திருந்தார். போல்ட்டைக் கழற்றிப் பழைய வாஷர்களை எடுத்தார். சுட்ட கருப்பு ஓரமெல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கட்டைவிரலால் தடவினார். அதன் வழியாகத்தான் அவன் போயிருக்கிறான். வாய் கோணியது. அழுகையை அவர் பழகியதில்லை, அதனால் இருமினார். இரண்டையும் பாலிஷ் டப்பா மூடியில் போட்டுத் தலைமாட்டில் வைத்தார். புதியவற்றின் உறையைப் பல்லால் கிழித்து மாட்டி முறுக்கினார். கைக்கு நன்றாகத் தெரிந்தது, மெத்தென்று நசுங்கி, பிறகு கெட்டியாக நின்றது. இவ்வளவுதான் வேலை. அன்றைக்கும் இவ்வளவுதான்.

டொக்.

எங்கோ சொட்டியது. மூலைத் தட்டு என்று நினைத்தார். அதற்குள் சொட்ட மேலே எதுவும் இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

டொக்.

காதுக்குப் பக்கத்தில் சிமெண்டு தரையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. ஆயிலும் சிவப்புதான். விரலில் தொட்டு முகர்ந்தார். பழைய ஆயிலின் கருகல் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, பிணவறையில் கையெழுத்துப் போடப் போனபோது அந்தப் பச்சை வராந்தாவில் பினாயிலையும் மீறி வந்ததே, அந்த வாடை, இரும்பை நாக்கில் வைத்த மாதிரி. போல்ட்டைப் பார்த்தார். காய்ந்திருந்தது. குழாய் காலி. ரேக் காலி.

அப்போது ரேக் நகர்ந்தது.

முகத்துக்கு ஒரு சாண் மேலே இரும்புத் தண்டு வழவழவென்று இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போனது. ரப்பர் உறை ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் விரிந்தது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி. காற்றில் நின்ற சக்கரங்கள் இரண்டும் மெதுவாகத் திரும்பின. மேலே காருக்குள் ஸ்டியரிங் சுற்றும் சத்தம். லேஃபா அதில் சுற்றியிருந்த தோல் கிறீச்சிட்டது.

"யார்ரா அது? செச்சாபா, விளையாடாத. ஸ்டாண்டு சரிஞ்சா நான் கூழாயிடுவேன்."

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. காருக்கும் தரைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தில் ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொரு கால். கேன்வாஸ் ஷூ. வெள்ளை நிறம், டயர்க் கரி படிந்து சாம்பலாகியிருந்தது. இடது கயிறு கட்டாமல் தொங்கியது. எத்தனை தடவை திட்டியிருப்பார் அந்தக் கயிற்றுக்காக.

"என்னப்பா கூப்பிட்டீங்களா?" என்று செச்சாபாவின் குரல் கேட்டது. தெருவிலிருந்து. கூடாரத்துக்கும் அப்பாலிருந்து.

கால்கள் நடக்க ஆரம்பித்தன.

அவசரமில்லாத நடை. காரோடு சேர்ந்து நடக்கிற நடை. கார் நின்ற இடத்திலேயே நின்றது, கால்கள் அதைச் சுற்றி வந்தன. அவர் தலைமாட்டைக் கடந்தன. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு. வலப்பக்கம். பின்பக்கம். மொகெதே கண்ணைத் திருப்பித் திருப்பிப் பின்தொடர்ந்தார். வெளியே பெண்கள் பாட்டைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள், நாலு குரலும் சேர்ந்து எழுந்தது. உள்ளே குளிர். பிணவறை மாதிரிக் குளிர்.

ஒரு சுற்று முடிந்தது. கால்கள் நின்றன. தலைக்கு நேராக.

முழங்கால் மடங்கியது. யாரோ குனிகிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா. புதுசுதானே போட்டீங்க?"

அதே குரல். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. நம்பிக் கேட்ட குரல். இன்றைக்கு உண்மையாகவே ஆமாம் என்று சொல்லலாம். கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். டப்பா மூடி தரையில் லேசாக உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் மட்டும் இருந்தது. ஊர்ந்து வெளியே வந்தார். கார்க் கதவு மூடியிருந்தது. ஷெட் தாழ்ப்பாள் உள்ளே போட்டபடி இருந்தது. தரையில் காரைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக ஒரு சிவப்பு வட்டம். பாலிஷ் டப்பா மூடி காலி.

மண்டியிட்டுத் தேடினார். அட்டைக்கு அடியில். தட்டுக்குள் கைவிட்டு. ஓவரால் பைகளில். இல்லை.

தெருவில் ஹாரன் கேட்டது. பிண வண்டி.

தாழ்ப்பாளை விலக்கி ஷெட்டைத் திறந்தார். எதிரே வீட்டின் பின்கதவு வழியாக மாலேஃபா தலை நீட்டினாள். அவர் மனைவி. லேஃபாவின் அம்மா என்பதால் அந்தப் பெயர், இனியும் அதுவேதான். துக்க வழக்கப்படி பதின்மூன்று நாளாகத் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தே இருந்ததில் முகம் வீங்கியிருந்தது. தோளில் சாம்பல் கம்பளி.

"புள்ள வந்துட்டான். கையக் கழுவிட்டு வாங்க."

"மா..." என்றார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"என்ன?"

"ஆயில் இன்னும் ஊத்தல."

"அது கிடக்கட்டும். அவன் வெளிய நிக்கிறான்."

கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். சிவப்பு நகக்கண்ணில் நின்றுவிட்டது. உள் அறையில் கண்ணாடியைத் துணிபோட்டு மூடியிருந்தார்கள். மெழுகுவர்த்தி. சுவரோரம் மாலேஃபாவின் மெத்தை, அதை ஒட்டிப் பெட்டி. வண்டிக்காரர்கள் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைகுனிந்து வெளியேறினார்கள். மற்றவர்களை அவளே வெளியே அனுப்பினாள். மொகெதே வாசற்படியிலேயே நின்றார்.

அவனுக்குக் கோட்டுப் போட்டிருந்தார்கள். வலது கை நெஞ்சின் மேல்.

"கிட்ட வாங்களேன். கடிச்சிடவா போறான்."

நகரவில்லை. அவள் குனிந்து அந்தக் கையைத் தொட்டாள். தடவினாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

"வேர்த்திருக்கு. இந்தக் குளிர்ல பாருங்க, எம்புள்ளைக்கு வேர்த்திருக்கு."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் விரல் சிவப்பாக மினுமினுத்தது. கம்பளியில் துடைத்தாள். மறுபடி தொட்டாள். ஆயில் வாடை படி வரைக்கும் வந்தது.

"ஊரே சொல்லிச்சே, கை நழுவிடுச்சு, கை நழுவிடுச்சுன்னு. நீங்களும் ஆமான்னீங்க." அவள் குரலில் ஒரு பெருமை, இந்தப் பதின்மூன்று நாளில் முதல் தடவையாக. "எம்புள்ள பிடிச்சா விடமாட்டான். இப்பவும் எதையோ பிடிச்சிருக்கான். எவ்வளவு இறுக்கமா, பாருங்க. உங்களுக்காகத்தான் வச்சிருக்கானோ என்னவோ."

பெட்டியின் ஓரத்திலிருந்து தரைக்கு விழுந்தது.

டொக்.

அவள் அவன் கட்டைவிரலை விலக்கினாள். பிறகு அடுத்த விரல், வலிக்கக் கூடாதென்று மெதுவாக. இடுக்கில் செம்பு தெரிந்தது. அடுப்பில் சுட்ட கருப்பு ஓரம். அவள் மூன்றாவது விரலைப் பிடித்தாள்.