அசல் பகைவர் வர்ணம்

வெற்றிக்கூடத்தின் நடுவே நிற்பது சிறைப்பிடிக்கப்பட்ட போர்விமானம் அல்ல. மண்டியிட்ட ஒரு பகைநாடு. கல்வெட்டு அப்படித்தான் சொல்லியது. அந்தப் பகைநாட்டுக்கு ஆண்டுதோறும் புதிதாக வர்ணம் அடிக்க வேண்டியிருந்ததைக் கல்வெட்டு சொல்லவில்லை. வெற்றித் திருநாளன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதன்மேல் செருப்பு வீசுவார்கள். முதல் செருப்பு, போரில் ஆளை இழந்த குடும்பத்துக்குரிய மரியாதை.

பத்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார் கூடத்தின் தலைவர், முன்னாள் விமானப்படை அதிகாரி ஞானப்பிரகாசம். அடியில் இருப்பது அசல் பகைவர் வர்ணம்தான் என்று அடுக்குநோக்கி சொல்ல வேண்டும். பூச்சுக்கு அடியில் இருக்கும் பூச்சைத் தேதியோடு படித்துவிடும் கருவி அது. கல்யாணச் சீராக வந்த புதுக்கார் மூன்றாம் கை என்று அது காட்டிக்கொடுத்து எத்தனையோ சம்பந்தங்கள் முறிந்திருந்தன.

கருவியை இயக்கியவள் ஜெசிந்தா. அவள் தம்பி அமலன் நம் விமானப்படை விமானி. போரின் கடைசி வாரம் பறந்து போனவன், கோப்பில் இன்னும் ‘காணவில்லை’. கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நடலாம் என்றால் அம்மா விடுவதில்லை. “ஆளு வராம சிலுவையா?”

மேலே ஒன்பது பூச்சு, கூடம் அடித்தவை. பத்தாவது, பச்சையும் மண்நிறமுமாகப் பகைவரின் உருமறைப்புக் கோலம்.

“அசல்தாம்மா!” என்று கைதட்டினார் தலைவர்.

“சார், இதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு.”

நம் படையின் சாம்பல் நீலம். எண் நாற்பத்தேழு. விமானி ஏறும் விளிம்புக்குக் கீழே விரலளவில் ஒரு சிவப்பு மீன். வால் கோணல். வீட்டுப் படகிலும் அமலன் இப்படித்தான் வரைந்து வைத்திருந்தான். மீனுக்கு வால் போட அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

“என் தம்பி விமானம் சார் இது.”

தலைவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். “ரெண்டு நாட்டுக்கும் விமானம் வித்தது ஒரே கம்பெனிம்மா. வர்ணம்தான் வித்தியாசம். கடைசி வாரம் நம்ம விமானம் நாலுக்கு அவங்க வர்ணத்த அடிச்சு அனுப்பினோம். விமானிக்கும் அவங்க சீருடைதான்.”

“திரும்பி வந்தப்ப?”

“ரகசிய உத்தரவும்மா. நம்ம பீரங்கிக்காரங்களுக்கே சொல்லல.”

ஜெசிந்தா மீனைத் தொட்டாள். திரையில்தான் தொட முடிந்தது.

“குண்டு பட்டும் எவ்வளவு ஒழுங்கா எறக்கியிருக்கான் பாருங்க. ஆள எங்க பொதைச்சீங்க?”

“பின்னால, ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல. எதிரின்னு நெனச்சு பேரு எழுதல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கு அமைச்சர் வர்றாரு. விழா மட்டும் முடிஞ்சிரட்டும்மா. அழைப்பிதழ் வேற அடிச்சாச்சு.”

அழைப்பிதழ் மேசைமேல் கிடந்தது. ‘முதல் செருப்பு: செல்வி ஜெசிந்தா, மாவீரர் அமலனின் சகோதரி.’

அவளுக்கு இது ஏழாவது ஆண்டு. முந்தைய ஆறு முறையும் அவள் செருப்பு குறி தப்பாமல் விமானி ஏறும் விளிம்புக்குக் கீழே பட்டிருந்தது.