சிவப்பு எரியாத தெரு

காலை ஆறு மணிக்குக் குடில் நகரின் எல்லா வீட்டிலும் நலக்கண்ணாடி விழித்துக்கொள்ளும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். "நன்றாக இருக்கிறேன்" என்றால் பச்சை விளக்கு எரியும், வாசல் திறக்கும். வேறு ஏதாவது சொன்னால் சிவப்பு. வண்டி வந்து ஆளைக் கொண்டுபோய் ஆறு மாதம் தனியறையில் வைத்துக் குணப்படுத்தும். இதற்குப் பெயர் மனநலமாம், நல்ல கூத்து!

தெற்குத் தெருவில் மெக்சிகோக்காரர்கள் குடியிருந்தார்கள். அங்கே சிவப்பு எரிந்ததே இல்லை. நலம் விசாரிப்பவரிடம் தன் குறையைக் கொட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்த சனம் அது. அன்செல்மோ என்பவர் நானூறு நாள் பச்சை காட்டினார். நாலு நாளுக்கு முன், பச்சை எரிய எரியவே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். "கண்ணாடியில் பழுதில்லை" என்று அன்று கையெழுத்துப் போட்டவள் கண்ணாடிகளைப் பழுதுபார்க்கும் நிறைமதி. அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவள் அன்செல்மோவின் தங்கை எவுஃபேமியாவின் வீட்டில் நின்றாள். கண்ணாடி பச்சைதான். அடுப்போ சில்லிட்டுக் கிடந்தது. நிறைமதி கண்ணாடியின் இணைப்பைப் பிடுங்கினாள்.

"ஐயோ, இணைப்பு போனா வண்டி வந்துடும்மா!" காதிலிருந்த மொழிபெயர்ப்புப்பொறி எவுஃபேமியாவின் ஸ்பானிஷை நிறைமதியின் வீட்டுத் தமிழிலேயே சொன்னது.

"வரட்டும்க்கா. கால் மணி நேரம் ஆகும். கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

எவுஃபேமியா அணைந்துபோன கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நாலு நாளாச்சு. சாவு வீட்ல ஒன்பது நாளும் தெருவே கூடி ஜெபம் சொல்லும், சாப்பாடு கொண்டு வரும். அதான் எங்க வழக்கம். இங்க கூடி அழுதா சிவப்புன்னு பயந்து ஒருத்தரும் வரலை. அண்ணன் போன வழியிலயே போயிடலாம்னு இருக்கு."

நிறைமதி வாசல் கதவை அகலத் திறந்து போட்டாள். தெருவுக்கு ஓடி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "கண்ணாடிக்கு நான் பொறுப்பு. அவங்களைத் தனியா விட்றாதீங்க, வாங்க!" முதலில் ஒருத்தி சோளக்கஞ்சியோடு வந்தாள். பிறகு ஏழெட்டுப் பேர். ஜெபம் பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

வண்டி வந்து நின்றது. "நோயாளி மட்டும் வரவும்" என்றது. எவுஃபேமியாவின் கையை யாரும் விடவில்லை. நிறைமதியின் கைப்பலகையில் கேள்வி மின்னியது: கண்ணாடி அணைந்ததற்குக் காரணம் நோயா, பழுதா? பொய்யாகப் பதிந்தால் வேலை போய்விடும். அவள் எழுதினாள்: "பழுது. தெருவின் எல்லாக் கண்ணாடிகளும்."

வண்டி காலியாகத் திரும்பியது.

எவுஃபேமியா ஒரு வாய் கஞ்சி குடித்தாள். கோப்பையை நிறைமதி பக்கம் நகர்த்தினாள். "நீ எப்படிம்மா இருக்கே?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. உடைந்து அழுதாள். யாரோ நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.