காழ்ப்புமானி

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், பேச்சிலுள்ள வெறுப்பை அளக்கும் காழ்ப்புமானி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்கத் திருச்சி மக்கள் பழகிப் பல வருடமாகிறது.

தலைவர் சிரித்த முகத்தோடு பேசினார். கடல்மட்டம் ஏறியதில் ஊரிழந்து வந்த கரைவாசிகளை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், முகாமில் அடைக்க வேண்டும், குறுக்கே நிற்கும் நீதிபதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கான தீர்மானம் கூட்டத்தின் வாக்குக்கு வரவிருந்தது. விளக்கு பச்சைதான். கூட்டம் நிம்மதியாகக் கைதட்டியது.

முன்வரிசையில் இமயவல்லி இருந்தாள். அந்தக் கருவியைச் செய்தவளே அவள்தான். அவள் கணவன் செல்வின் கரைவாசி. தீர்மானம் நிறைவேறினால் நாளைக் காலை முகாம் வண்டி அவர்கள் வாசலில் நிற்கும்.

கருவி பழுதா? இல்லை. அந்தந்த ஆண்டில் நாடு பேசியதன் சராசரிதான் பூஜ்யம், அதிலிருந்து விலகும் தூரமே காழ்ப்பு என்று விதி எழுதியவளும் அவள்தான். எந்தக் கட்சிக்கும் சார்பாகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். வருடாவருடம் பூஜ்யத்தைத் திருத்தும் தாளில் கையெழுத்துப் போட்டாள், மாதிரிப் பேச்சு ஒன்றைக்கூடக் கேட்காமல். நாடு படிப்படியாகக் கீழே இறங்கியது; பூஜ்யமும் கூடவே இறங்கியது. படித்தவளின் முட்டாள்தனம், வேறென்ன சொல்வது?

மறுப்புச் சொல்ல விரும்புபவருக்கு இரண்டு நிமிடம் உண்டு. அவள் மேடையேறினாள்.

"இவர் பேசுனது சுத்தமான வெறுப்பு. மெஷின் சொல்லலைன்னா உங்களுக்குத் தெரியாமப் போயிடுமா? கரைக்காரங்களும் நம்ம சனங்கதான். இதுக்குக் கை தூக்காதீங்க."

அந்த ஆண்டு முழுவதும் நாட்டில் ஒருவரும் அப்படிப் பேசியிருக்கவில்லை. விளக்கு சிவந்தது. ஒலிவாங்கி தானாக அணைந்தது. சிவப்பு வாங்கியவருக்கு வாக்குரிமை கிடையாது. அதுவும் அவள் போராடிக் கொண்டுவந்த சட்டம். இரண்டு காவலர்கள் அவளைக் கீழே இறக்கிக் கூட்டிப்போனார்கள்.

கூட்டத்தின் நடுவில் செல்வினுக்குப் பக்கத்தில் முத்துக்குமரேசன் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நாட்டில் சர்வாதிகாரம் வந்துவிடக் கூடாது என்ற கவலையில் ஒரு கூட்டம் விடாமல் வந்து விளக்கைக் கவனிப்பவர். பக்கத்தில் இருப்பவன் யார் என்று அவருக்குத் தெரியாது.

"நாலு வருஷமா பச்சையாவே எரியுதே, ரிப்பேரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் தம்பி. நல்லவேளை, வேலை செய்யுது" என்று செல்வினிடம் சொல்லிவிட்டு, அவர் தீர்மானத்துக்குக் கை தூக்கினார்.